ஸ்டார்ட் ஆகும்... நகராது!

நம்ம ஊரில் வீட்டு வாசலில் புல் முளைத்தால் மாடு வரும். அமெரிக்காவில் நோட்டீஸ் வருகிறது!

விளையாட்டில்லை சார். அங்கே புல்லுக்குச் சட்டம் இருக்கிறது. ஊருக்கு ஊர் அளவு மாறும். சில ஊர்களில் ஆறு அங்குலம், சில ஊர்களில் எட்டு, கொஞ்சம் தாராள மனசு உள்ள ஊர் என்றால் பத்து, பன்னிரண்டு. அதற்கு மேல் வளர்ந்தால் வாசல் கதவில் ஒரு காகிதத்தை மாட்டிவிட்டுப் போவார்கள். குறித்த நாளுக்குள் வெட்டாவிட்டால் அவர்களே ஆள் வைத்து வெட்டிவிட்டு, பில்லை நமக்கு அனுப்புவார்கள். அடம் பிடிக்கிற பையனை சலூனுக்கு இழுத்துப் போய் முடி வெட்டிவிட்டு, காசை அவன் உண்டியலிலிருந்தே எடுக்கிற மாதிரி!

2023 மே மாதம், ஒஹையோ மாநிலத்தில் என் அக்கா வீட்டு வாசலில் அப்படி ஒரு காகிதம் தொங்கியது. அப்போது அந்த வீட்டில் நான் இருந்தேன். ஏன் இருந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அத்தானுக்கு ஹார்ட் அட்டாக். மூன்றே நாளில் பைபாஸ் ஆபரேஷன். "யாராவது ஒரு மாசம் வந்து கூட இருந்தா தேவலை" என்று அக்கா போனில் சொன்னதும், எங்கள் குடும்பத்தில் அவசர மாநாடு கூடியது. பெரிய அண்ணனுக்கு பேங்கில் லீவு கிடைக்காது. சின்ன அண்ணனால் கடையை விட்டு வர முடியாது. அம்மாவுக்கு மூட்டு வலி. எல்லார் கண்ணும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பின.

"இவன் சும்மாத்தானே இருக்கான்!"

பி.காம். படித்துவிட்டுப் பத்திரிகைகளுக்கு எழுதிக்கொண்டிருப்பவனை எங்கள் வீட்டில் இப்படித்தான் சொல்வார்கள். 2019-ல் எடுத்த விசா கையில் இருந்தது. கிளம்பிவிட்டேன்.

போய்ப் பார்த்தால், அத்தான் நாற்காலியில் சாய்ந்தபடி ஒரு சிவப்புத் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இதய வடிவத் தலையணை. ஆஸ்பத்திரியிலேயே கொடுத்தது. நெஞ்செலும்பை அறுத்துத் திறந்து, மறுபடி கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள் அல்லவா? இருமினால் தும்மினால் வலி உயிர் போகும். அப்போது அதைக் கட்டிக்கொள்ள வேண்டும். ஆறு முதல் எட்டு வாரம் வரை பத்து பவுண்டுக்கு மேல், அதாவது நம்ம கணக்கில் நாலரை கிலோவுக்கு மேல், எதையும் தூக்கக் கூடாது. தள்ளக் கூடாது. இழுக்கக் கூடாது. கார் ஓட்டக் கூடாது.

"வா மாப்ளே... பயணமெல்லாம் எப்படி?" என்று எழுந்து என் பெட்டியைத் தூக்கப் போனார். அக்கா போட்ட சத்தத்தில் பெட்டியே ரெண்டடி பின்னால் நகர்ந்தது.

அத்தானின் சுபாவமே அதுதான். அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரர். கிணற்று மோட்டார் ரிப்பேரென்றால்கூட மெக்கானிக்கைக் கூப்பிடாமல் தானே உள்ளே இறங்கிவிடும் குடும்பம். யாரிடமும் ஓர் உதவி கேட்டுவிட்டால் பரம்பரை மானம் கப்பலேறிவிடும் என்று நம்புகிறவர். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரத் தாத்தா, "நான் வேணா உங்க புல்லையும் சேர்த்து வெட்டிடறேன்" என்று அவராகவே வந்து சொன்னாராம். அத்தான் அழகாகச் சிரித்து, "நோ, தேங்க்ஸ்!"

புல்வெளியைப் போய்ப் பார்த்தேன். பின்பக்கத்தில் பாதி ஒரு உயரம், மீதிப் பாதி இன்னொரு உயரம். முடி வெட்டிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போய், ஆளும் எழுந்து ஓடிவிட்ட சலூன் மாதிரி இருந்தது.

"அன்னைக்குப் பாதி வெட்டறப்ப மழை வந்துருச்சு மாப்ளே. நிறுத்திட்டேன்" என்றார் அத்தான்.

நான் 'உச்' கொட்டினேன். அன்றைக்கு சாயந்திரம்தான் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. "சும்மா உக்காந்து காபி குடிச்சுக்கிட்டு இருந்தாருடா" என்பாள் அக்கா. டாக்டரிடமும் அதையேதான் சொல்லியிருந்தார்கள்.

ஆள் வைத்து வெட்ட ஒரு தடவைக்கு அறுபது டாலர் என்றார்கள். நான் உடனே ரூபாய்க்கு மாற்றிப் பார்த்தேன். (பி.காம். படித்தவன் அமெரிக்காவில் செய்யக் கூடாத முதல் காரியம் இதுதான்.) சுமார் ஐயாயிரம் ரூபாய்! நம்ம ஊரில் அந்தக் காசுக்கு...

"ஷெட்டுல மெஷின் இருக்கும்போது ஆள் எதுக்கு?" என்றார் அத்தான்.

"நான் ஓட்டறேன்" என்று சொல்லிவிட்டேன். வாய்தான் எனக்கு எப்போதும் விரோதி.

மெஷின் என்றதும் கையால் தள்ளுவது என்று நினைத்துவிடாதீர்கள். ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி. சீட், ஸ்டீயரிங், ஹெட்லைட் எல்லாம் உண்டு. டிராக்டர் குட்டி போட்டால் எப்படி இருக்கும், அப்படி. கம்பளித் துணி மில்லில் துணியின் மேல் நிற்கும் பிசிறைச் சீராகக் கத்தரிக்கும் மெஷின் ஒன்று உண்டு. அதைப் பார்த்து, 'இதையே புல்லுக்கு வைத்தால் என்ன?' என்று 1830-ல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்பவர் யோசித்ததுதான் புல்வெட்டும் மெஷினின் ஆரம்பம். அதன் மேல் ஏறி உட்காரலாம் என்பது பின்னால் வந்தவர்களின் சோம்பேறித்தனம். அந்த சோம்பேறித்தனத்தின் எடை சுமார் இருநூறு கிலோ.

ஞாயிற்றுக்கிழமை காலை. பதிமூன்று வயது கார்த்திக் - அக்கா மகன் - மொபைலில் வீடியோ எடுக்கத் தயாராக நின்றான். அத்தான் ஜன்னலோரம் தலையணையுடன். பிரேக்கை மிதித்து, சோக்கை இழுத்து, சாவியைத் திருப்பினேன். 'டுர்ர்ர்' என்று ஒரே தடவையில் ஸ்டார்ட் ஆகிவிட்டது. கார்த்திக் கைதட்டினான். நான் ஜன்னலைப் பார்த்து கும்பிடு போட்டுவிட்டு, பிரேக்கை விட்டு முன்னால் போகும் பெடலை அழுத்தினேன்.

வண்டி நகரவில்லை.

இன்னும் அழுத்தினேன். சத்தம் மட்டும் அபாரமாக வந்தது. வண்டி பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. ரிவர்ஸ்? ம்ஹூம்! என்ன ஏது என்று பார்க்க எழுந்தேன். இன்ஜின் பட்டென்று அணைந்தது. ஆள் சீட்டை விட்டு எழுந்தால் அணைந்துவிடும்படி அடியில் ஒரு ஸ்விட்ச் வைத்திருக்கிறார்கள். ஆள் கீழே விழுந்தாலும் பிளேடு சுற்றிக் காலை வாங்கிவிடக் கூடாதே என்று. 'உட்கார்ந்தால் ஸ்டார்ட் ஆவேன், ஆனால் நகர மாட்டேன்' என்கிற கொள்கை நம்ம ஊர் ஆபீஸ்களில் பல நாற்காலிகளுக்கு உண்டு. புல்வெட்டும் மெஷினில் அன்றுதான் பார்த்தேன்.

ஜன்னலைத் திறந்தார் அத்தான். முகத்தில் ஆபரேஷனுக்கு அப்புறம் முதல் தடவையாக ஒரு தெம்பு.

"மாப்ளே, பதறாதே. எப்பவும் காசு செலவாகாத காரணத்தை முதல்ல பாரு. காசு கேக்கற காரணத்தைக் கடைசியில பாரு."

இதைவிடச் சுருக்கமாக எந்தப் பேராசிரியரும் எனக்கு காமர்ஸ் சொல்லிக் கொடுத்ததில்லை.

முதலில், நிறுத்தும்போது போடுகிற பார்க்கிங் பிரேக் விடுபட்டிருக்கிறதா? விடுபட்டிருந்தது. அடுத்து, வெட்டுகிற பிளேடு சுற்றுகிறதா? சுற்றியது. "அப்ப இன்ஜின் மேல தப்பில்ல. பிளேடுக்கு ஒரு பெல்ட், சக்கரத்துக்கு வேற பெல்ட். சக்கரத்துப் பெல்ட்தான் சண்டித்தனம் பண்ணுது" என்று தீர்ப்புச் சொன்னார்.

இங்கே கொஞ்சம் விஷயம் சொல்லிவிடுகிறேன். பாதியில் கொட்டாவி விட்டால் மன்னித்தேன். இந்த மாதிரி வண்டிகளில் பலவற்றில் நம் ஸ்கூட்டர் போல் கியர் கிடையாது. முன்னால் இருக்கும் இன்ஜின் ஒரு பெல்ட்டை இழுக்கும். பெல்ட் பின்னால் இருக்கும் ஒரு பெட்டியில் பம்ப்பைச் சுற்றும். பம்ப் எண்ணெயை அழுத்தித் தள்ளும். அந்த எண்ணெயின் அழுத்தம்தான் சக்கரத்தைச் சுற்றுகிறது. ஆகவே, வண்டி நகரவில்லை என்றால் பெல்ட் கழன்றிருக்கலாம், தேய்ந்திருக்கலாம், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் போயிருக்கலாம், சக்கரத்தை அச்சோடு பிடிக்கிற சின்ன சாவித் துண்டு உடைந்திருக்கலாம். இல்லையென்றால் அந்த எண்ணெய்ப் பெட்டியே காலியாகியிருக்கலாம். கடைசிக் காரணம் என்றால் வண்டிக்குச் சங்கு ஊதிவிடலாம்.

"கையை உள்ள விடறதுக்கு முன்னாடி சாவியை எடு. பிளக் ஒயரைக் கழட்டு. இல்லேன்னா விரலை எண்ணிக்கோ!" என்றார் ஜன்னல்.

கழற்றிவிட்டு, அடியில் படுத்துப் பார்த்தேன். சக்கரத்துக்குப் போகும் பெல்ட் புல்லியிலிருந்து கழன்று, கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போன மருமகள் மாதிரி ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஓரமெல்லாம் கண்ணாடி மாதிரி வழவழப்பு. நடுநடுவே வெடிப்பு. இறுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங்கும் ஜவ்வு மிட்டாயாக நீண்டு கிடந்தது.

"கண்டுபிடிச்சுட்டேன்!" என்று கத்தினேன். அத்தான் தலையணையைத் தூக்கிக் காட்டினார்.

பெல்ட்டின் நம்பர் வண்டிப் புத்தகத்தில் இருந்தது. அந்தக் கடை ஞாயிறு லீவு. அன்று ராத்திரி அத்தான் தனக்குப் பிடித்த படத்தைப் போட்டார். டேவிட் லிஞ்ச் 1999-ல் எடுத்த 'தி ஸ்ட்ரெய்ட் ஸ்டோரி'. நடந்த கதை. ஆல்வின் ஸ்ட்ரெய்ட் என்று 73 வயதுப் பெரியவர். கண் பார்வை சரியில்லாததால் கார் லைசென்ஸ் கிடையாது. 1994-ல், பக்கவாதம் வந்த அண்ணனைப் பார்க்க ஐயோவாவிலிருந்து விஸ்கான்ஸின் வரை சுமார் 240 மைல் தூரத்தை, இதே போன்ற புல்வெட்டும் வண்டியில், பின்னால் ஒரு டிரெய்லரை மாட்டிக்கொண்டு கடந்தார். ஆறு வாரம் ஆனது. வழியில் வண்டி மக்கர் செய்தும் விடவில்லை.

"பாத்தியா மாப்ளே, ஒருத்தர்கிட்டயும் 'லிஃப்ட் குடு'ன்னு கேக்கல!" என்றார் அத்தான் பெருமையாக.

அக்கா ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே போனாள்.

மறுநாள் முப்பத்தைந்து டாலருக்கு பெல்ட்டும் ஸ்பிரிங்கும் வாங்கி வந்தோம். மாட்டுவதற்கு, வெட்டும் பிளேடு உள்ள தட்டையே கழற்றி வெளியே இழுக்க வேண்டியிருந்தது. கார்த்திக்கின் ஒல்லிக் கைதான் பாதி வேலையைச் செய்தது. மூன்று மணி நேரம். என் விரல்களில் ஏழு காயம். எல்லாம் முடிந்து ஏறி உட்கார்ந்து, ஸ்டார்ட் செய்து, பெடலை அழுத்தினேன்.

நகரவில்லை!

இந்தத் தடவை கார்த்திக் சிரிக்கவில்லை. அத்தான் முகத்திலிருந்த தெம்பு இறங்கிவிட்டது. "அப்ப எண்ணெய்ப் பெட்டிதான் போயிருக்கும். அதை மாத்தற காசுக்குப் பாதி வண்டி வாங்கலாம்" என்றார் சுரத்தில்லாமல். "வித்துத் தொலைங்க அதை!" என்றாள் உள்ளேயிருந்து அக்கா. அவ்வளவு கோபம் ஒரு புல்வெட்டும் மெஷின் மேல் எதற்கு என்று எனக்கு அப்போது புரியவில்லை.

நான் வண்டியைச் சுற்றி வந்தேன். சாவித் துண்டு உடையவில்லை. பின்பக்கம், சக்கரங்களுக்கு நடுவில் ஒரு சின்னக் கம்பி வெளியே நீட்டி, ஒரு பள்ளத்தில் மாட்டியிருந்தது. ஏதோ கொக்கி என்று நினைத்தேன். கார்த்திக் புத்தகத்தைப் புரட்டி, அமெரிக்கத் தமிழில் சொன்னான்: "மாமா, இதுக்குப் பேரு பைபாஸ் லீவர்!"

"என்னது?"

"பைபாஸ்! அப்பா மாதிரியே!"

அந்தக் கம்பியை வெளியே இழுத்தால், எண்ணெய் சக்கரத்துக்குப் போகாமல் வேறு வழியாகச் சுற்றிப் போய்விடுமாம். வண்டியைக் கையால் தள்ள வேண்டுமானால் மட்டும் அதை இழுக்க வேண்டும். ஓட்ட வேண்டுமானால் உள்ளே தள்ள வேண்டும். மனுஷனுக்கு பைபாஸ் செய்தால் நடப்பான். வண்டிக்கு பைபாஸ் செய்தால் படுத்துவிடும்!

ஜன்னலைப் பார்த்துக் கேட்டேன். "அத்தான், பின்னாடி ஒரு கம்பி நீட்டிக்கிட்டு இருக்கே?"

அத்தான் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, மெதுவாக, "உள்ள தள்ளிடு மாப்ளே" என்றார்.

தள்ளினேன். ஏறினேன். பெடலை அழுத்தினேன். வண்டி வெல்லம் தின்ற கன்றுக்குட்டி மாதிரி கிளம்பியது. கார்த்திக் பின்னால் ஓடி வந்தான். நான் மட்டும் சிரிக்கவில்லை. மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

தள்ளுவதற்கு மட்டும்தான் அந்தக் கம்பி. அதை இழுத்தவர் யார்? பெல்ட் கழன்றது எங்கே? புல் உயரமும் குட்டையுமாகப் பிரிகிற அந்த நடு இடத்தில். மழை வந்து நிறுத்திய வண்டி என்றால் ஓட்டிக்கொண்டே ஷெட்டுக்குப் போயிருக்கலாம். கழன்ற வண்டி எப்படிப் போகும்? ஷெட் மேட்டில் இருக்கிறது. இருநூறு கிலோ. இதயக் குழாய் அடைத்துக்கொண்டிருந்த ஒரு மனிதர், தனியாக, ஈரப் புல்லில்...

"என்னடா ரிப்பேர்?" வெளியே வந்த அக்கா கேட்டாள்.

அத்தான் ஜன்னலிலிருந்து என்னையே பார்த்தார். என்னைச் 'சும்மா இருக்கிறவன்' என்று ஒரு நாளும் சொல்லாத மனுஷர்.

"பெல்ட்டு" என்றேன். அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. கணக்கு டாலி ஆகாதபோது, இடிக்கிற தொகையைத் தற்காலிகமாக 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்' என்று ஒன்றில் போட்டு வைப்போம். அப்படிப் போட்டு வைத்தேன்.

ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு அத்தானே ஆரம்பித்தார்.

"மாப்ளே... தள்ள ஆரம்பிச்சப்பவே நெஞ்சு இறுகிச்சு. இடது கை மரத்துச்சு. நடு வழியில மெஷினை விட்டுட்டு வந்தா பக்கத்து வீட்டுக்காரர் என்ன ஏதுன்னு கேப்பாரேன்னு தள்ளிட்டேன். அப்புறம் உள்ள வந்து, சரியாயிடும்னு ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன். உங்கக்கா வேலையிலேர்ந்து வந்தப்ப காபி டம்ளரைக் கையில வெச்சுக்கிட்டேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. அங்கே 911, நம்ம ஊரில் 108. ஒரு போன். நெஞ்சு இறுக்கம் வந்த பிறகு கடக்கிற ஒவ்வொரு நிமிஷமும் இதயத்தின் தசை செத்துக்கொண்டிருக்கிறது என்று இவருக்குத் தெரியாதா? படித்தவர்தானே? மூன்று எண்ணை அமுக்குவதைவிட இருநூறு கிலோவைத் தள்ளுவது சுலபமாகத் தெரிந்திருக்கிறது!

"அக்காகிட்ட நான் சொல்லல. ஆனா டாக்டர்கிட்ட நீங்க சொல்லணும் அத்தான். இல்லேன்னா அந்தக் கம்பியை மறுபடி இழுத்து விட்டுடுவேன்."

சிரித்தார். சிரித்ததில் வலித்து, தலையணையைக் கட்டிக்கொண்டார். அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் சொன்னார். நான் கூடவே இருந்தேன்.

நான் ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் ஒரு காட்சி. அத்தான் மெதுவாக வேலியருகே நடந்து போனார். பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் ஏதோ சொன்னார். தாத்தா தோளைத் தொட்டுத் தலையாட்டினார். திரும்பி வந்த அத்தான், பரீட்சை எழுதிவிட்டு வந்த பையன் முகத்தோடு சொன்னார்: "எனக்கு சரியாகற வரைக்கும் வாரா வாரம் வெட்டித் தரேன்னாரு. அவருக்கு என்ன சந்தோஷங்கறே! இதுக்குத்தான் அவர் காத்துக்கிட்டு இருந்தார் போல."

மூன்று மாதம் கழித்து அக்காவிடமிருந்து போன்.

"நேத்து உங்கத்தான் ஒரு விஷயம் சொன்னாருடா. அன்னைக்கு மெஷினைத் தள்ளினாராம்."

நான் எச்சில் விழுங்கினேன். "நீ என்ன சொன்னே?"

"'அப்படியா!'ன்னு கேட்டுக்கிட்டேன். டேய், அன்னைக்கு ராத்திரி ஆஸ்பத்திரியிலேர்ந்து துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன்ல? கொல்லைப்புற லைட்டைப் போட்டேன். நடுப் புல்லுலேர்ந்து ஷெட்டு வரைக்கும் ரெண்டு சக்கரத் தடம். நடுவுல பூட்ஸ் நுனி மண்ணைக் கிளறின தடம். ஓட்டிட்டுப் போன வண்டிக்கு நடுவுல கால் தடம் எப்படிடா வரும்?"

"தெரிஞ்சே ஏன் கேக்கல?"

"கேட்டா ஒரு பொய் சொல்லுவாரு. அதை வேற அவர் நெஞ்சுல சுமக்கணுமா? அவரா சொல்லட்டும்னு இருந்துட்டேன்."

பி.காம். இரண்டாம் வருஷத்தில் ஒரு பாடம் உண்டு. வரவுப் பக்கம் ஒரு தப்பு, பற்றுப் பக்கம் அதே தொகைக்கு இன்னொரு தப்பு நடந்தால், ஒன்றை ஒன்று மறைத்துக்கொள்ளும். கணக்கு டாலி ஆகிவிடும். தப்பு மட்டும் உள்ளேயே இருக்கும். ஈடுசெய் பிழை என்பார்கள். அவர் மறைத்தார், இவள் தெரிந்ததை மறைத்தாள், வீடு டாலி ஆகிக்கொண்டிருந்தது. பரீட்சையில் இந்தக் கேள்விக்கு எனக்கு நாலு மார்க்தான் கிடைத்தது.

இதை எழுதலாமா என்று இரண்டு பேரிடமும் கேட்டேன். "தாராளமா எழுது மாப்ளே, நாலு பேருக்கு உபயோகப்படும்" என்றார் அத்தான்.

அக்காவிடம், "எழுதினா, உனக்கு முன்னாலேயே தெரியும்னு அத்தானுக்குத் தெரிஞ்சுடுமே?" என்றேன்.

"தெரியட்டும்டா. ஆனா ஒண்ணு, பத்திரிகை வந்ததும் முன்கூட்டியே எனக்குப் போன் பண்ணு. அவர் படிக்கிறப்ப அந்தத் தலையணையை எடுத்துப் பக்கத்துல வெச்சுடறேன்."